பத்துக் காம்பராவில் இருபத்தொரு பேர்

வீரய்யாவுக்கு வயது அறுபத்திரண்டு. இதில் ஒரு சிக்கலும் இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அறுபது முடிந்த அன்று தோட்டத்தில் அவரைக் கூப்பிட்டு, வயசாகிவிட்டது, இனிக் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிக் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்து மூன்று வருடம் தேயிலைச் செடியைக் குனிந்து வெட்டிய மனிதர். நிமிர்ந்து நின்றாலும் பாதி குனிந்தவர் மாதிரிதான் தெரிவார். சரி, கிழவனாகிவிட்டோம் என்று அவரும் ஒத்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி லீக்ஸ் போட்டு, இரண்டு வருடம் கிழவனாக இருந்து பழகியும் விட்டார். அப்புறம்தான் தண்ணீர்த் திட்டம் வந்து, நீங்கள் கிழவரே இல்லை என்றது.

பூண்டுலோயாவுக்கு மேலே பஸ் விட்டுப்போகும் இடத்திலிருந்து அரைமணி நேரம் ஏறினால் அந்த லயம். பத்துக் காம்பரா; ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். தண்ணீருக்குக் கீழே பள்ளத்தில் ஒரே ஒரு பீலி. மழைக்காலத்தில் அது கொட்டும். மாசி பங்குனியில் ஒரு விரல் தடிப்புக்கு வடியும். அந்த விரல் தடிப்புத் தண்ணீருக்காகப் பெண்கள் விடியுமுன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அப்புறம் ஓடிப்போய்க் கொழுந்து பறிப்பார்கள். மேலே ஓடையில் தொட்டி கட்டி, குழாய் போட்டு, ஒவ்வொரு காம்பரா வாசலுக்கும் தண்ணீர் கொண்டுவருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? தொட்டியும் குழாயும் திட்டத்துச் செலவு. குழாய் புதைக்கிற கானை மட்டும் சனம் வெட்டித் தரவேண்டும். அதுதான் பேச்சு.

அதற்காக வந்தவள் யசோதினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் வந்தபோதே காலில் இரண்டு அட்டை கடித்து, அதைப் பார்த்து அவள் ஒரு சத்தம் போட்டாளே, லயமே வெளியே வந்துவிட்டது. அப்படித்தான் கூட்டமும் கூடியது. பிள்ளைமடுவத்தில் உட்கார்ந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போனால் ஒரு காலத்தில் நாற்பது கைக்குழந்தை தொட்டிலில் தொங்கிய இடம் அது. இப்போது ஐந்து ஏணை தொங்குகிறது, மற்ற இடத்தில் உரமூட்டை.

"லயத்தில இருக்கிற எல்லாற்ற பெயரும் வயதும் வேணும்," என்றாள் யசோதினி. "ஆர் சொல்லுறீங்கள்?"

எல்லாரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். லயத்துக்கு ஒன்று என்றால் அவர்தான் முன்னால் நிற்பார். அவர் எழுந்து, முதல் காம்பராவில் தொடங்கிப் பத்தாவது காம்பரா வரை, குழந்தை குட்டி, கிழவன் கிழவி, ஒருவர் விடாமல் சொன்னார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. முப்பத்திரண்டு பேர்.

நடுவில் அம்மாக்கண்ணு அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அறுபத்தாறு வயது, பக்கத்துக் காம்பரா, முறைக்கு மதினி. "கொழுந்தனாரே, நிரோஷன் கொழும்புல கட்டட வேலையில இல்ல இருக்கான்? அவனயும் இங்கனு சொல்றீங்க?"

"சும்மா இருங்க மதினி. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எம் மகளயும் சொல்லிட்டீங்க. அவ குவைத்துக்குப் போயி மூணு வருசமாச்சு."

"அவ பொறந்தது எங்க? இங்க. அப்ப இங்கதான்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் இந்த மலையைப் புரிந்துகொள்ளாதவர்கள்.

வீரய்யா சிறுபிள்ளையாக இருந்தபோது பிரஜாவுரிமைக்கு எழுதினார்கள். அவருடைய அண்ணன் மூக்கன் அப்போது வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமியார் வீட்டோடு இருந்தான். வீட்டில் யார் யார் என்று எழுதுகிறவர் கேட்டபோது, அப்பா, பாவம், நேர்மையான மனிதர், காம்பராவில் இருக்கிறவர்கள் பெயரை மட்டும் சொன்னார். மூக்கன் தனித் தாளில் விழுந்தான். வீட்டுத் தாள் இந்த நாட்டுக்கென்று ஆனது. மூக்கனின் தாள் அக்கரைக்கென்று, இந்தியாவுக்கென்று ஆனது. வீரய்யாவுக்குப் பதினான்கு வயது ஆனபோது, மூக்கன் ஒரு தகரப் பெட்டியும் பெண்டாட்டி பிள்ளையுமாக ரயிலேறினான். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. "அன்னைக்கு அவன் பேரையும் சேர்த்துச் சொல்லியிருந்தா" என்று அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது சரியோ தப்போ, சட்டம் அப்படி இருந்ததோ இல்லையோ, வீரய்யா படித்த பாடம் ஒன்றுதான்: யாராவது வந்து வீட்டில் யார் என்று கேட்டால், எல்லாரையும் சொல். இருக்கிறவனையும் சொல், போனவனையும் சொல்.

ஆகவே சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து யசோதினி தாளோடு வந்தாள். கூட ஒரு கட்டு முளைக்குச்சி.

"ஐயா, உங்கட லயத்தில பதினைஞ்சு வயதுக்கும் அறுபத்திநாலு வயதுக்கும் இடையில இருபத்தொரு பேர் இருக்கினம். ஒரு ஆளுக்கு முப்பது அடி கான். அறுநூற்றி முப்பது அடி. மாசம் முடியமுந்தி வெட்டினால் குழாய் இங்க வரும். இல்லாட்டி முறைப்படி கீழ் லயத்துக்குப் போயிடும். பிறகு அடுத்த வருசம்தான்."

வீரய்யாவுக்கு முதலில் விளங்கியது தன் பெயர்தான். "மிஸ், நானுமா?"

"உங்களுக்கு அறுபத்திரண்டுதானே ஐயா? நீங்கள் உழைக்கிற வயதுதான்."

"தோட்டத்துல வயசாயிருச்சுன்னு நிப்பாட்டிட்டாங்களே."

"அது தோட்டத்தின்ர கணக்கு. இது வேற கணக்கு."

அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கொழுந்தனாருக்கு எளமை திரும்பிருச்சு. பொண்ணு பாப்பமா?" பிறகு தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, அறுபத்துநாலைத் தாண்டியவர்கள் வெட்டத் தேவையில்லை என்றாள் யசோதினி. அம்மாக்கண்ணுவுக்கு ரோசம் வந்துவிட்டது. இன்றைக்கும் கைக்காசுக்கு ஒரு நாளில் பதினைந்து கிலோ கொழுந்து பறிக்கிறவள் அவள். "என்னையக் கழிச்சுட்டு, பத்தாம் வகுப்புப் படிக்கிற அந்தச் சர்மிளாப் புள்ளயச் சேத்திருக்கீங்களா? அது மம்பட்டியப் பாத்தா எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு கேக்கும்!"

யசோதினி நல்ல பிள்ளை, கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினாள். ஒரு நாட்டில் குழந்தைகளும் கிழவர்களும் குறைவாகவும் உழைக்கிற வயதுக்காரர் அதிகமாகவும் இருக்கிற காலம் ஒன்று வரும். இந்த நாட்டில் இப்போது மூன்று பேரில் இரண்டு பேர் உழைக்கிற வயது. இது என்றைக்கும் நிற்காது, போகப்போகக் கிழவர்கள்தான் கூடுவார்கள். அதனால் கை இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். "உங்கட லயமும் அப்படியே நாடு மாதிரித்தான் ஐயா. முப்பத்திரண்டில இருபத்தொண்டு. மூண்டில ரெண்டு."

வீரய்யா தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர, உள்ளே ஒன்றும் நிற்கவில்லை. அவர் சின்ன வயதில் அந்தக் காம்பராவில் பத்துப் பேர். அப்பாவும் அம்மாவும் மட்டும் வேலைக்குப் போனார்கள். பத்து வாய்க்கு இரண்டு பேர் உழைப்பு. அது கஷ்ட காலம், விளங்குகிறது. இப்போது வாய் குறைந்து கை கூடியிருக்கிறது, நல்ல காலம் என்கிறாள் இந்தப் பிள்ளை. அதுவும் விளங்குகிற மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் காலையில் வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்தால் லயத்தில் இருமல் சத்தம்தான் கேட்கிறது. அந்தக் கை எல்லாம் எங்கே?

அன்று பின்னேரம் அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தீப்பெட்டியைக் கொட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கணக்கு இல்லை என்று நினைக்கக்கூடாது. உழைக்கிறவருக்கு முழுக்குச்சி, குழந்தைக்கும் கிழவருக்கும் பாதிக்குச்சி. முழுக்குச்சி இருபத்தொன்று, பாதிக்குச்சி பதினொன்று. மிஸ் சொன்னது சரி.

அம்மாக்கண்ணு வந்து எதிரே குந்தினாள். "என்னாங்க இது, அடுப்புப் பத்தவைக்கிற யோசனையா?"

"லயம் மதினி. எண்ணிப் பாக்குறேன்."

"இதுல நிரோஷன் எது?"

அவர் ஒரு குச்சியைக் காட்டினார். அவள் அதை எடுத்துத் தன் மடியில் போட்டாள். "கொழும்பு." அப்புறம் இன்னொன்று. "எம் மக. குவைத்து." அப்புறம் கட்டுநாயக்கவில் தைக்கிற இரண்டு பெண்கள். அப்புறம் ஹட்டன் கடைக்குப் போன பையன், வத்தளைக்குப் போனவர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனாள். வீரய்யாவின் மகன் ஜீவராஜையும் மருமகள் ஷாமிலாவையும் எடுக்கும்போது அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். அவள் விடவில்லை, பேத்தியின் பாதிக்குச்சியையும் சேர்த்து எடுத்தாள்.

வாங்கில் ஏழு முழுக்குச்சியும் பத்துப் பாதிக்குச்சியும் கிடந்தன.

"இந்த ஏழுல ஒண்ணு பரீச்சைக்குப் படிக்குது," என்றாள் அம்மாக்கண்ணு. "ஒண்ணு நீங்க. தோட்டமே வேணாம்னு தள்ளுன ஆளு."

"அப்ப அந்த மிஸ் சொன்ன மூணுல ரெண்டு?"

"எம் மடியில இருக்கு," என்று எழுந்து போய்விட்டாள். குச்சியையும் கொண்டுபோய்விட்டாள். அவள் வீட்டில் தீப்பெட்டி தீர்ந்திருந்தது.

உண்மையைச் சொல்லிப் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். ஜெயந்தினி அதைத்தான் சொன்னாள். கொழும்பில் இருக்கும் நிரோஷனின் மனைவி, முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொழுந்துக்கும் போய்வருகிறவள். "மாமா, மிஸ்ஸுகிட்ட சொல்லிருவோம். ஆளு இல்லாத பேர வெட்டிட்டா நம்ம பங்கு கொறையும்."

"பேர வெட்டுறதா? நீ சின்னப்புள்ள. வெட்டுனா அப்புறம் ஒட்டாது."

"தண்ணி வேணுமா வேணாமா மாமா?"

"வேணும்."

"அப்ப?"

"வெட்டுவோம். கான வெட்டுவோம்."

இருபத்தொரு முளைக்குச்சியை அவர் முப்பது அடிக்கு ஒன்றாக மேட்டில் நட்டார். சர்மிளா ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதிக் கட்டினாள். அந்த ஏழு பேரில் ஆறு பேர் தங்கள் பங்கைத் தாங்களே வெட்டினார்கள்; சர்மிளாவின் பங்கை அம்மாக்கண்ணு வெட்டினாள், பட்டியலில் இல்லாதவள் வெட்டினால் கணக்கில் சேருமா என்று யாரும் கேட்கவில்லை. நாலாவது காம்பரா அழகனும் அவன் மனைவியும் வேலை விட்டு வந்து இருட்டும்வரை வெட்டினார்கள். வேலை இல்லாத வீரய்யா காலையிலிருந்து வெட்டினார். தன் பங்கு முடிந்ததும், குவைத்தில் இருக்கிறவளின் பங்கில் இறங்கினார்.

அம்மாக்கண்ணு மேலே நின்று பார்த்தாள். "எம் மக நல்லா வெட்டுறாளே! முதுகுதான் கொஞ்சம் கூனு விழுந்திருக்கு."

"மதினி, சிரிப்புக் காட்டாதீங்க. புடிச்சுக்கும்."

பிடித்துக்கொண்டது. சிரிப்பு அல்ல, முதுகு. அந்தக் கான் பாதியில் இருக்கும்போது, குனிந்தவர் நிமிரவில்லை. அழகன் தூக்கிக்கொண்டுவந்து காம்பராவில் படுக்கவைத்தான். அந்தப் பங்கின் மிச்சத்தை அவனே வெட்டி முடித்தான். இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் கிடந்தார். கிடந்தபடியே குழம்பினார். தோட்டம் சொன்னதுதான் சரியா, நமக்கு வயசாகிவிட்டதா? அப்படியானால் மிஸ்ஸின் தாள் பொய்யா? தாளும் பொய் இல்லை, அதில் எழுதச் சொன்னது நாம்தானே. அப்படியானால் நாம் பொய்யா? அவர் அதுவரை தன்னை அப்படி நினைத்ததில்லை. மகனை வீட்டில் இருக்கிறான் என்று ஒரு தகப்பன் சொல்வது எப்படிப் பொய்யாகும்? மாதாமாதம் அவன் அனுப்புவதில்தானே அரிசி வருகிறது? அரிசிக்கு இருக்கிறவன் கானுக்கு இல்லை என்றால் அவன் இருக்கிறானா இல்லையா?

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது யசோதினி நாடாவோடு வந்து அளந்தாள். இருநூற்று நாற்பது அடி.

"ஐயா, இது பாதியும் இல்லையே," என்றாள். அவளுக்கும் முகம் வாடிவிட்டது. "மற்ற ஆக்கள் எங்க?"

ஜெயந்தினி முன்னால் வந்தாள். "மிஸ், எம் புருசன் கொழும்புல இருக்காரு. அவரு பேர வெட்டுங்க."

"ஜெயந்தினி!" என்றார் வீரய்யா.

"மாமா, அவரு எங்க தூங்குறாருன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லித்தான் அவரு எம் புருசன்னு இல்ல. வெட்டுங்க மிஸ்."

யசோதினி தாளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இங்க இல்லாத ஆக்களின்ர பெயரைத் தந்தனீங்களோ? முதலே சொல்லியிருக்கலாமே! இஞ்ச நிக்கிற ஆக்களுக்குத்தான் பங்கு. மிச்சக் கானைத் திட்டம் கூலிக்கு ஆள் விட்டு வெட்டும்."

"ஆளு கொறைஞ்சா வெட்டுறதும் கொறையுமா?" என்றார் வீரய்யா.

"ஓம் ஐயா."

"தண்ணி?"

"தண்ணி குறையாது."

இது அவருக்கு எந்த வழியாலும் உள்ளே போகவில்லை. ஆள் கூட இருந்தால் பலம் என்றுதானே பிள்ளை அன்றைக்குச் சொன்னாள்? இப்போது ஆள் இல்லை என்று சொன்னால் தண்ணீர் வருகிறது என்கிறாள். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு காம்பராக்காரரும் தங்கள் ஆளின் பெயரைச் சொல்ல, யசோதினி கோடு இழுத்தாள். அம்மாக்கண்ணு தன் மகள் பெயரைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பெயர் போயிற்று. ஒன்பது நின்றது.

"ஒன்பது பேருக்கு இருநூற்றி எழுபது. இன்னும் முப்பது அடி குறையுது," என்று யசோதினி தாளைப் பார்த்தாள். "ஜீவராஜ், ஷாமிலா. இவை ரெண்டு பேரும் இங்கதானோ ஐயா?"

எல்லாரும் வீரய்யாவைப் பார்த்தார்கள்.

"இங்கதான்," என்றார் வீரய்யா.

"கொழுந்தனாரே," என்றாள் அம்மாக்கண்ணு மெதுவாக.

"முப்பது அடிதானே? ரெண்டு நாள்ல நான் வெட்டுறேன்."

"அந்த முதுகோடயா?" ஜெயந்தினிக்குக் கோபம் வந்துவிட்டது. "வெட்ட முடியாமப் போனா குழாய் கீழ போயிரும் மாமா. எங்க எல்லார் குடமும் ஒங்க மகன் பேருல தொங்குது!"

அவர் ஜெயந்தினியின் ஃபோனில் மகனுக்குப் போட்டுத் தரச் சொன்னார். ஜீவராஜ் வத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. கடைச் சத்தம் இரைந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள் ஜெயந்தினி.

"தம்பி, இங்க தண்ணிக்குப் பேரு எழுதுறாங்க. ஒம் பேரு இருக்கு. இங்க எல்லாரும் அத வெட்டணும்ங்கிறாங்க. நான் விடல. நீ கவலப்படாத."

"அப்பா, எம் பேரு அங்க இல்லயே."

"இருக்குடா. நாந்தான் சொன்னேன்."

"அதில்லப்பா." ஜீவராஜ் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும்; சத்தம் அடங்கியது. "வாக்காளர் இடாப்ப ரெண்டு வருசத்துக்கு முந்தியே இங்க மாத்திட்டோம். நானும் ஷாமிலாவும். புள்ளய இங்க ஒண்ணாம் வகுப்புல சேக்கணும்னா இங்க பேரு இருக்கணும்னாங்க. சனத்தொகை எழுத வந்தப்பவும் இங்கதான் எழுதுனாங்க. ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் நெனச்சேன். நீங்க அந்த மூக்கன் பெரியப்பா கதைய எடுப்பீங்கன்னுதான்..."

வீரய்யா ஃபோனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார், அதில் மகனின் முகம் தெரியும் என்பது போல. இரண்டு வருடம். இரண்டு வருடமாக இல்லாத பெயருக்காகவா இந்தப் பிடிவாதம் பிடித்தோம்? ஒருத்தர் பெயரை யாராவது வந்து வெட்டுவார்கள் என்றுதான் அவர் பயந்திருந்தார். அவனே எடுத்துக்கொண்டு போகலாம், போயும் அப்பா என்று கூப்பிடலாம், அரிசிக்குக் காசும் அனுப்பலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கோபப்பட வேண்டுமா என்று பார்த்தார், வரவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அதற்குச் சந்தோசப்பட வேண்டுமா என்று பார்த்தார். அதுவும் முழுசாக வரவில்லை.

"அப்பா? இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்," என்றார். பிறகு யசோதினியிடம், "வெட்டிருங்க மிஸ்," என்றார்.

அவள் இரண்டு கோடு இழுத்தாள். பேனா கிறீச்சென்றது. ஏழு பேர், இருநூற்றுப் பத்து அடி. வெட்டியது இருநூற்று நாற்பது. முப்பது அடி கூடவே வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி, குழாய் திங்கட்கிழமை ஏறும் என்றாள். ஜெயந்தினி சர்மிளாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழகன் மம்பட்டியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தான். "நான் வெட்டுனதுதான் அந்தக் கூட முப்பது அடி," என்றாள் அம்மாக்கண்ணு, யாரும் கேட்காமலே.

ஃபோன் இன்னும் வீரய்யாவின் கையில் இருந்தது.

"தீவாளிக்கு வருவீங்களா?"

"வராமயாப்பா? மூணு பேரும் வாரோம். புள்ள இப்பவே கேக்குது."

"வந்தா ஒங்கள என்னானு எழுதுறது?"

ஜீவராஜ் சிரித்தான். "விருந்தாளின்னு எழுதிக்குங்க."

அது சிரிக்கிற பேச்சா இல்லையா என்று வீரய்யாவுக்குத் தெரியவில்லை. ஃபோனை ஜெயந்தினியிடம் கொடுத்துவிட்டு, தாளை மடிக்கப்போன யசோதினியின் பக்கம் திரும்பினார்.

"மிஸ், இதுல விருந்தாளிக்கு எடம் இருக்கா?"

அவள் தாளை விரித்து, முன்னும் பின்னும் திருப்பி உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "இல்லை ஐயா. அப்படி ஒரு கட்டம் இல்லை."

"அப்ப ஒண்ணு போடுங்க," என்றார் வீரய்யா. "மூணு பேரு. நான் நிக்கிறேன், நீங்க எழுதுங்க."